கையும் தொழிலும்

தமிழில் கை என்னும் சொல் உடம்பின் ஓர் உறுப்பை மட்டும் குறிப்பதன்று. செயல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. ஒழுக்கம் என்னும் பொருளும் உண்டு. செய்வதறியாது திகைத்து நிற்கும் நிலையைக் கையறவு என்றனர் பழந்தமிழ்ச் சான்றோர். ஒருவரைத் துறந்து நீங்குதல் கைவிடுதல். இடுக்கண் வந்த காலத்து உதவுதல் கைகொடுத்தல். கற்ற தொழில் கைத்தொழில். அதனால் ஈட்டியது கைப்பொருள். மனித வாழ்வின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் இச்சிறு சொல்லைக் கொண்டே கூறிவிடலாம் போலும்! இச்சொற்கள் அனைத்தின் பொருளையும் ஒருங்கே விளக்கும் வரலாறு ஒன்று, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேலூர் நகரில் நிகழ்ந்தது.

அந்நாளில் தொழுநோய் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே மக்கள் நடுங்கினர். அந்நோயின் கிருமி தோலையும், தோலை ஒட்டி ஓடும் நரம்புகளையும் பற்றுவது. முழங்கை அருகிலும் மணிக்கட்டு அருகிலும் உள்ள நரம்புகள் கெடவே, கையில் உணர்ச்சி அற்றுப்போகும். உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கும். விரல்கள் உள்நோக்கி மடிந்து பருந்தின் நகங்கள் போல் நின்றுவிடும். ஏர் பிடித்த கை மேழியைப் பற்ற இயலாது. தறியில் அமர்ந்த கை நாடாவை எறிய இயலாது. உயிர் போவதற்கு நெடுநாள் முன்னரே தொழில் போய்விடும். தொழில் போன பின்னர் உற்றாரும் ஊராரும் போய்விடுவர்.

ஊராரை மட்டும் குறை கூறுதல் தகாது. சட்டமும் அவர்கள் பக்கமே நின்றது. ஆங்கில ஆட்சியினர் 1898-ஆம் ஆண்டு தொழுநோயாளர் சட்டம் ஒன்றை இயற்றினர். ஆதரவற்ற நோயாளரைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க அச்சட்டம் வழி செய்தது. உண்பொருளையோ உடையையோ செய்து விற்றலும், வாடகை வண்டி ஓட்டுதலும், பொதுக் கிணற்றில் நீர் எடுத்தலும் நோயாளருக்கு ஆகா என்று தடுக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு அளித்தது. தொழில் செய்தல் ஆகாது என்ற சட்டம், பிச்சை எடுத்தலும் ஆகாது என்றது. இவ்விரண்டும் இல்லாதவன் எவ்வாறு உயிர் வாழ்வான் என்று அதனை இயற்றியோர் எண்ணிப் பார்த்தனரோ, அறியோம். அச்சட்டம் நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 2016-ஆம் ஆண்டில், அடியோடு நீக்கப்பெற்றது.

இந்நிலையில் 1946-ஆம் ஆண்டு வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு டாக்டர் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் வந்து சேர்ந்தார். அவர் ஆங்கிலேயர், ஆயினும் பிறந்தது தமிழ்நாட்டுக் கொல்லிமலையில். 1914-ஆம் ஆண்டு அங்குப் பிறந்து, மலைவாழ் சிறுவரோடு ஓடியாடி வளர்ந்து, கல்வியின் பொருட்டு ஒன்பதாம் வயதில் இங்கிலாந்து சென்றவர். மருத்துவம் கற்பதற்கு முன் அவர் கட்டட வேலை பயின்றார். கல் அடுக்கவும், மரம் இழைக்கவும் தேர்ந்த கைகள் அவருடையவை. தச்சு வேலைக்கும் மருத்துவத்திற்கும் என்ன தொடர்பு என்று அந்நாளில் எவரேனும் அவரை நகைத்திருத்தல் கூடும். அத்தொடர்பு பின்னர் விளங்கிற்று.

1947-ஆம் ஆண்டு அவர் செங்கற்பட்டை அடுத்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்குத் தோலைப் பற்றிய ஆராய்ச்சியில் வல்ல டாக்டர் காக்ரேன் அவருக்கு நோயாளர்களைக் காட்டிக்கொண்டு வந்தார். மடங்கிய விரல்களை உடைய ஒருவரிடம் பிராண்டு தம் கையை நீட்டி, இறுகப் பற்றுமாறு கூறினார். வலுவற்ற பிடியையே அவர் எதிர்பார்த்தார். ஆனால் அக்கை இரும்புப் பிடியாக அவர் கையை நெரித்தது. வலி தாங்காது அவர் கையை விடுவித்துக்கொண்டார். எனினும் உள்ளம் உவகையில் துள்ளியது. செத்துவிட்டது என்று உலகம் கைவிட்ட அக்கையில் வலிய தசைகள் உயிரோடு இருந்தன! சில தசைகளே செயலிழந்தவை. முன்கையின் பெருந்தசைகள் பல பழுதின்றி இருந்தன. நல்ல தசையின் நாண் ஒன்றை எடுத்து, வலுவிழந்த விரலோடு இணைத்தால் என்ன? மாளிகையில் ஒரு தூண் பழுதுற்றால் பாரத்தை மற்றொரு தூணுக்கு மாற்றும் கொத்தனாரின் எண்ணம் அது.

அவ்வெண்ணம் செயலாயிற்று. நோயாளரைத் தம் கூடங்களில் ஏற்கப் பெரிய மருத்துவமனைகள் அஞ்சிய காலமாதலின், தொடக்கத்தில் இடம் கிடைப்பதே அரிதாயிற்று. எனினும் அறுவை முறை மெல்ல மெல்லத் தேர்ந்தது. அறுவைக்குப் பின் பல வாரங்கள் பயிற்சி வேண்டும். முன்பு வேறொரு பணியைச் செய்த தசை இப்போது விரலை அசைக்க வேண்டியிருத்தலின், அப்புதுப் பணியை மூளை ஒவ்வொரு நாளும் கற்றாக வேண்டும். குழந்தை முதன்முதல் கிலுகிலுப்பையைப் பற்றுதல் போல, வளர்ந்த ஆடவர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்க்கப் பழகினர். பல ஆண்டுகள் சோற்றை விரல்களால் எடுத்து உண்ண இயலாதவர் உருண்டை பிடித்து உண்டனர். அதனைக் கண்டோர் கண்களில் நீர் நிறைந்தது. வெற்றி கைகூடிற்று என்றே அனைவரும் எண்ணினர்.

ஆனால் அவ்வாறு திருந்திய கைகளோடு வெளியே சென்ற ஒருவர் சில நாள்களில் வாடிய முகத்தோடு மீண்டு வந்தார். உண்ண உணவின்றி உடல் மெலிந்திருந்தது. "இவை நல்ல கைகள் அல்ல" என்னும் கருத்துப்பட அவர் மருத்துவரிடம் முறையிட்டார். மருத்துவர் திகைத்தார். கைகளைப் புரட்டிப் பார்த்தார். விரல்கள் செவ்வனே நீண்டு மடங்கின. குறை யாதும் காணப்படவில்லை. அதன்பின் அம்மனிதர் தம் நிலையை விளக்கினார். பிச்சை எடுப்பதற்கு அவை நல்ல கைகள் அல்ல என்பதே அவர் முறையீடு. விரல் மடங்கியிருந்த காலத்தில் மக்கள் இரங்கிக் காசு எறிந்தனர். விரல் நிமிர்ந்த பின்னர் இரங்குவார் இல்லை. நோய் வந்தவர் என்பது முகத்தாலும் பிற குறிகளாலும் புலப்பட்டமையின் வேலை கொடுப்பாரும் இல்லை. தங்க இடம் கொடுப்பாரும் இல்லை. முன்பு அவருக்கு இருந்தது ஒரு பிழைப்பு. மருத்துவம் அந்த ஒன்றையும் பறித்துவிட்டது!

கேட்போர் இதனை நகைச்சுவை என்று கொள்ளுதல் கூடும். பால் பிராண்டு அவ்வாறு கொள்ளவில்லை. அறுவையின் திறத்தால் ஒரு கையைத் திருத்திவிடலாம். அக்கைக்குரியவனுக்கு உலகில் ஓர் இடம் இல்லையேல் அத்திறம் பாதி வழியில் நின்ற பாலம் அன்றோ? ஆற்றின் நடுவில் கொண்டுபோய் விட்டுவிடும் பாலத்தால் பயன் யாது?

எனவே வேலூரில், மருத்துவக் கல்லூரிக்குரிய நிலத்திலேயே, நவஜீவ நிலையம் என்னும் புதுவாழ்வு இல்லம் தோன்றியது. சுண்ணாம்பு பூசிய எளிய மண் குடில்கள் சில, தொழிற்கூடம் ஒன்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உள்ளவை போன்ற குடில்களே அங்கு அமைக்கப்பெற்றன. அங்கு வாழப் பழகியவர் தம் ஊருக்குத் திரும்பியபோது பொருந்தி வாழ வேண்டும் என்பதே அதன் நோக்கம். பகலில் தொழிற்கூடத்தில் உளியும் இழைப்புளியும் வாளும் ஒலித்தன. கட்டட வேலை பயின்ற பிராண்டு தாமே தச்சுத் தொழிலைக் கற்பித்தார். அவர் மாணவர்கள் மரத்தால் பொம்மைகளும் விளையாட்டுப் பொருள்களும் செய்தனர்.

அத்தொழிற்கூடம் வேலை கற்பித்த இடம் மட்டும் அன்று. ஆராய்ச்சிக் கூடமாகவும் விளங்கியது. வேலை செய்யத் தொடங்கியவுடன் கைகளில் புண்கள் தோன்றின. நோய் மீண்டும் தலைகாட்டியது என்று பலரும் கருதினர். தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமே அழுகி உதிரும் என்பது அந்நாளில் மருத்துவரும் நம்பிய செய்தி. பிராண்டு அதனை நம்பாது, ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். முன்னொரு நாள் நிகழ்ந்த நிகழ்ச்சி அவர் நினைவில் இருந்தது. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க இயலாது அவர் திணறியபோது, மெலிந்த சிறுவன் ஒருவன் அச்சாவியை வாங்கி ஒரே முறுக்கில் திறந்துவிட்டான். அவன் வலிமையை வியந்த அவர் தரையில் குருதித் துளிகளைக் கண்டார். சிறுவனின் விரலில் எலும்பு தெரியும்வரை சாவி அறுத்திருந்தது. அவனோ அதனை அறியவும் இல்லை. வலிமை மிகுந்தமையால் அன்று, வலி இன்மையால் அவன் பூட்டைத் திறந்தான்.

வலி என்பது பகை என்றே மக்கள் எண்ணுவர். அவ்வலி இல்லாதார்க்கு உலகப் பொருள் ஒவ்வொன்றும் பகையாகும் என்பதை வேலூர்த் தொழிற்கூடம் காட்டிற்று. சுத்தியலின் காம்பில் சிறு சிம்பு இருப்பின், மற்றையோர் உடனே கையை எடுப்பர். உணர்வற்றவர் மாலைவரை அதனையே பற்றி அடிப்பர். மற்றையோர் தேவையான அளவே இறுக்கிப் பிடிப்பர். உணர்வற்றவர் எவ்வளவு இறுக்குகிறோம் என்று அறியாது தோல் நைந்து போமளவும் இறுக்குவர். கொதிக்கும் தேநீர்க் குவளையை எடுத்தால் கொப்புளம். சமையல் பாத்திரத்தைத் தொட்டால் தீப்புண். சிலருக்கு இரவில் உறங்கி எழுந்தபோது விரல் நுனி காணாமற் போயிருந்தது. விழித்திருந்து காத்தபோது உண்மை வெளிப்பட்டது. எலி வந்து கடித்துத் தின்றது! உறங்கியவர் உணரவில்லை. அதன்பின் இல்லத்தில் பூனைகள் இடம் பெற்றன. ஊர் திரும்புவோர் ஒவ்வொருவரும் மருந்தோடு ஒரு பூனையையும் கொண்டு செல்ல வேண்டும் என்ற விதியும் ஏற்பட்டது. மருத்துவ வரலாற்றில் பூனைக்குக் கிடைத்த பெருமை இதுவே போலும்.

காரணம் விளங்கவே வழியும் பிறந்தது. கருவிகளின் காம்புகள் பருமனாக்கப்பெற்று, வழவழப்பாக இழைக்கப்பெற்றன; மென்மையான உறைகள் இடப்பெற்றன. சூடான பாத்திரங்களை எடுக்க மரப்பிடிகள் உதவின. காலுக்கு மென்மையான நுண்துளை ரப்பரால் காலணி செய்யும் முறையும் பின்னர்த் தேர்ந்தது. ஒவ்வொரு நாள் மாலையும் வேலை முடிந்தவுடன் ஒருவர் கையை ஒருவர் பார்த்து, சிவப்போ வெடிப்போ தோன்றின் உடனே மருந்திடுதல் வழக்கமாயிற்று. கை அறிவிக்க மறுத்ததைக் கண் அறியலாயிற்று. உணர்வற்ற கைகள் உளி பிடித்தன; விரல்கள் உதிரவில்லை.

ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். இம்மனிதரிடம் குறை இருந்தது உண்மை. ஆயினும் அவரை வேலை செய்யவொட்டாது தடுத்தது அக்குறை மட்டும் அன்று. சுத்தியலின் காம்பும் தடுத்தது. காம்பை மாற்றிய அளவில் வேலை நடைபெற்றது. ஆளைத் திருத்துவதற்கு அறுவை மருத்துவர் பல ஆண்டுகள் முயல வேண்டியிருந்தது. காம்பைத் திருத்துவதற்கு ஒரு தச்சர் அரை நாள் முயன்றால் போதும். இருப்பினும் உலகம் முன்னதையே எதிர்நோக்கி நிற்கிறது, பின்னதை எண்ணுவதில்லை.

திருக்குறளில் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், பொறி இல்லாமை எவர்க்கும் பழி ஆகாது, அறிய வேண்டுவன அறிந்து முயலாமையே பழி என்னும் கருத்து அமைந்துள்ளது. பொறி என்பதற்கு விதி எனப் பொருள் கொண்டார் பரிமேலழகர். உறுப்பு எனப் பொருள் கொள்வாரும் உளர். அவ்வுரை வேறுபாட்டை ஆராய்தல் இக்கட்டுரைக்குப் புறம்பானது. எப்பொருள் கொள்ளினும், முயல்வதற்கு இடம் தரப்பெறாதவனை முயலவில்லை என்று பழித்தல் வள்ளுவர் கருத்தாகாது. பிச்சைக்கு உதவாத கைகளோடு திரும்பி வந்தவர் வேலை தேடி அலைந்தவரே. முயற்சியில் குறை உடையவர் அல்லர்.

நிற்க. வேலூரில் கருவியும் இருக்கையும் மாறிய வரலாறு நோயாளரோடு முடிந்துவிடவில்லை. மருத்துவர் ஒருவருக்கே அம்முறை வேண்டியதாயிற்று. கேரள நாட்டில் 1925-இல் பிறந்த மேரி வர்கீசு என்னும் அம்மையார் வேலூரில் மருத்துவம் கற்றுப் பட்டம் பெற்றவர். மகப்பேற்று மருத்துவத்தில் தேர்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம். 1954-ஆம் ஆண்டு உடன் பணிபுரிவோரோடு சென்ற மோட்டார் வண்டி கவிழ்ந்தது. அம்மையாரின் முதுகெலும்பு சிதைந்தது. இடுப்பிற்குக் கீழ் உணர்வும் அசைவும் அற்றன. முகத்திலும் ஆழ்ந்த தழும்பு விழுந்தது. அந்தோ! இளமையில் ஏற்பட்ட அவ்விடரைக் கண்டோர், அவர் மருத்துவ வாழ்வு முடிந்தது என்றே எண்ணி வருந்தினர்.

தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யலாமே என்று அவரிடம் கூறியவர் பால் பிராண்டு. வயிற்றில் அறுவை செய்வோர் நெடுநேரம் நின்றாக வேண்டும். கையில் அறுவை செய்பவரோ அமர்ந்தே செய்யலாம். அவ்வளவே வேறுபாடு! எழுந்து நிற்க இயலாமையைப் பற்றியே எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, அமர்ந்து செய்தற்குரிய வேலை எது என்று கேட்டவர் ஒருவர் இருந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே மேரி அம்மையார் அறுவை மேசையை அணுகினார். கால்கள் செயலிழந்த ஒருவர் கைகள் செயலிழந்த பிறரைக் குணப்படுத்தினார். பின்னர் ஆசுத்திரேலியாவுக்குச் சென்று, பிறர் துணையின்றித் தம் பணிகளைத் தாமே செய்துகொள்ளும் பயிற்சி பெற்றார். நியூயார்க்கு நகரில் மறுவாழ்வு மருத்துவம் என்னும் புதுத்துறையைக் கற்றார். வேலூருக்குத் திரும்பி அத்துறையை நடத்தினார். 1966-ஆம் ஆண்டு முதுகெலும்பு சிதைந்தோர்க்கும், உறுப்பிழந்தோர்க்கும் உரிய மறுவாழ்வு நிலையம் ஒன்று அவர் முயற்சியால் வேலூரில் எழுந்தது. 1972-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-இல் அவர் மறைந்தார்.

அம்மையாருக்குக் கல்வி இருந்தது. உடன் நின்று ஊக்கும் ஆசிரியர் இருந்தார். நாற்காலி உருளத்தக்க சமதளம் இருந்தது. இம்மூன்றும் வாய்க்காதோர் தொகை பெரிது. 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி, இன்று மாற்றுத் திறனாளிகள் என்று வழங்கப்பெறும் மக்கள் இந்தியாவில் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். நாடு முழுவதிலும் அவர்களுள் வேலையில் இருப்பவர் நூற்றுக்கு ஏறத்தாழ 36 பேரே.

சட்டம் இப்போது அவர்கள் பக்கம் நிற்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலைகளில் நூற்றுக்கு 3 இடங்களை ஒதுக்கியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 4 ஆக உயர்த்தியது. தொழுநோயிலிருந்து குணமடைந்தோரும் அவ்விடங்களுக்கு உரியோர். பணியில் இருக்கும்போது உறுப்புக் குறை நேரின் அக்காரணம் பற்றி அரசு நிறுவனங்கள் ஒருவரை நீக்குதல் ஆகாது என்றும், ஏற்ற வசதிகளைச் செய்து தருதல் கடமை என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஒரு நூற்றாண்டிற்கு முன் கிணற்றடியிலிருந்து விரட்டிய சட்டத்தோடு இதனை ஒப்பிட்டால் நாடு நெடுந்தொலைவு வந்துள்ளமை விளங்கும். ஆயினும் மக்களுள் பெரும்பாலோர் அரசு அலுவலகங்களில் வேலை பார்ப்பவர் அல்லர். வயலிலும், தறிக்கூடத்திலும், கடையிலும், பட்டறையிலும் பிழைப்பவரே மிகுதி. அங்கெல்லாம் ஒதுக்கீடு செல்லாது. தனியார் நிறுவனங்களில் நூற்றுக்கு 5 பேரேனும் இவர்களாக இருக்குமாறு ஊக்கம் அளிக்கலாம் என்ற அளவில் சட்டம் நின்றுவிடுகிறது. கடை வாயிலில் மூன்று படிகள் இருந்தால், அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை அமைக்கவேண்டியவர் கடைக்காரர். பட்டறை எந்திரத்தின் மிதியைக் கைப்பிடியாக மாற்றவேண்டியவர் பட்டறைக்காரர். காது கேளாதவருக்குரிய ஆணையைச் சிறு பலகையில் எழுதிக் காட்டவேண்டியவர் மேற்பார்வையாளர். இவையெல்லாம் சுத்தியலின் காம்பு போன்ற சிறு செயல்களே.

தொழுநோயும் இன்று பழைய தொழுநோய் அன்று. 1980-கள் முதல் வழங்கப்பெறும் கூட்டு மருந்துகளால் ஆறு திங்களிலோ ஓராண்டிலோ அந்நோய் குணமாகிறது. மருந்துண்ணத் தொடங்கிய சில நாள்களிலேயே பிறருக்குப் பரவும் தன்மை நீங்கிவிடுகிறது. மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு அதனை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. இச்செய்திகள் அனைத்தும் மருத்துவ நூல்களில் உள்ளன. எனினும் விரல் குறைந்த ஒருவர் தேநீர்க் கடையில் வேலை கேட்டு வந்து நின்றால், கடைக்காரர் நூல்களை நினைப்பதில்லை. வாடிக்கையாளர் முகத்தையே நினைக்கிறார். வாடிக்கையாளர் முகம் சுளிக்காது அக்குவளையை வாங்கிக்கொள்வாராயின் கடைக்காரருக்கு அச்சம் இல்லை.

பால் பிராண்டு 1960-களில் அமெரிக்க நாட்டுக்குச் சென்று அங்கும் தொழுநோயாளருக்குத் தொண்டு புரிந்து, 2003-ஆம் ஆண்டு காலமானார். வேலூரில் அவரிடம் கை திருந்தப் பெற்ற நோயாளருள் சிலர் அங்கேயே தங்கி, கைப்பயிற்சி அளிக்கும் தொழிலைக் கற்றனர். புதிதாக அறுவை செய்துகொண்டோர் விரல் அசையாது கலங்கியபோது, அவர்கள் எதிரில் அமர்ந்து தம் கையை நீட்டி, கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேருமாற்றைக் காட்டினர்.